முதல் வரியிலேயே நின்ற பாட்டு

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருந்தார். பெயர் சுகிர்தா. வயது முப்பத்தாறு, பாலிடெக்னிக்கில் கணக்கு ஆசிரியை. அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் கோயில்பிள்ளை, வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார். இதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிற எங்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

சுகிர்தா ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். சுரக்கோவை என்று பெயர். எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் இருப்பவர்கள் டோ, ரே, மீ என்ற சுரங்களை வெறும் எழுத்தாக ஃபோனில் தட்டி அனுப்பினால் போதும். உச்சக் குரலான சொப்ரானோ, அதற்கடுத்து ஆல்ட்டோ, டெனர், அடிக்குரலான பாஸ் என்று நான்கு குரலுக்கும் கோடு போட்டு, புள்ளி வைத்து, பாடத் தயாரான தாளாக அது அடித்துக் கொடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், அனுப்புகிறவர் எதை எங்கே எழுதினாலும் அது முகம் சுளிக்காது. தலைப்பைக் கடைசியில் எழுதலாம். எந்தச் சுருதி என்று காட்டும் கீயை நடுவில் சொல்லலாம். இது டெனர், இது தலைப்பு என்று பெயர் சொன்னால் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துக்கொள்ளும். பெயரே சொல்லாமல் நாலு சுரத்தை மட்டும் அனுப்பினால்கூட, அதைச் சுற்றி ஒரு பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். ஒன்றில் மட்டும் பிடிவாதம். பாடகர்கள் ‘பார்’ என்று சொல்லும் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். நாலு என்றால் நாலு. குறைந்தால் நின்று கேட்கும்.

கோயில்பிள்ளை முப்பத்திரண்டு வருடம் பத்திரம் பார்த்தவர். முதல் பக்கத்தில் ஓர் இனிஷியல் குறைந்தால் இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மாட்டார். ஓய்வுக்குப் பிறகு டெனர் வரிசையில் பாட வந்தவர், ஒருநாள் சுகிர்தாவின் திரையை எட்டிப் பார்த்து, “இது எனக்கு வருமா டீச்சர்?” என்று கேட்டார். வந்தது. இரண்டு வருடத்தில் நன்றாகவே வந்தது. அந்த வயதில் அப்படி உட்கார்ந்து படித்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோயிலுக்கு நூற்றைம்பதாம் ஆண்டு வந்தது. குழுவினரே மெட்டமைத்த நூற்று நாற்பது பாட்டுகளைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. பாட்டுகளை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு கோயில்பிள்ளைக்கு வந்தது.

முதல் வாரத்திலேயே அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“ஒருத்தர் பாட்ட எழுதிட்டு, அடியில தலைப்பு போடுதாரு. இன்னொருத்தர் ஆல்ட்டோவுக்கு நடுவுல தன் பேர எழுதுதாரு. ஒரு அம்மா கீயே சொல்லல, கடைசில ஞாபகம் வந்து சொல்லுதாங்க. நம்ம புரோகிராம் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிடுது. ஏன் இப்படிக் கண்டதையும் ஏத்துக்கிடணும்?”

“வேற எப்படிச் செய்யலாம்?”

“ஒரு வரிசை வேணும். தலைப்பு, எழுதினவர், கீ, தாளம், பொறவு சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ், கடைசியா வார்த்தை. நாலு குரலும் ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா முடியணும். தப்புனா எந்த வரின்னு சொல்லித் திருப்பிரணும். ரெண்டு தடவ திரும்பி வந்தா மூணாவது தடவ சரியா எழுதுவாங்க.”

சுகிர்தா மறுநாள் தேர்வுத் தாள் திருத்த மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. பத்து நாள் வேலை. அவர் கணினியைச் சீடர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“மாத்திப் பாருங்க.”

“நானா?”

“நீங்கதான். எல்லாமே உங்களுக்குத் தெரியுமே.”

கோயில்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே வேலையைத் தொடங்கினார். இரண்டே நாளில் சுரக்கோவையின் வாசலில், வரிசை பார்த்தே உள்ளே விடும் ஒரு காவல் போட்டுவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நேர்த்தியான வேலை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு செய்தி, ஒவ்வொரு செய்தியும் நல்ல அலுவலகத் தமிழில். ‘வரி 1: தலைப்பு இல்லை. ஏற்க இயலாது.’ ‘வரி 5: சொப்ரானோ இருக்க வேண்டிய இடத்தில் பாஸ் உள்ளது. ஏற்க இயலாது.’ திருப்பிய பாட்டை அது சேமித்து வைப்பதும் இல்லை. திருப்பிய பத்திரத்துக்கு அலுவலகத்தில் என்ன வேலை என்பது அவர் எண்ணம்.

பாடகர்கள் முனகினார்கள். பிறகு திருத்தினார்கள். பத்தாம் நாள் நூற்று நாற்பதும் உள்ளே வந்திருந்தன. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். புதன்கிழமை மதியம் சுகிர்தா ஊர் திரும்பினார்.

கோயிலை ஒட்டிய அறையில் கோயில்பிள்ளை காத்திருந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

“எல்லாம் வந்துட்டு டீச்சர். ஒண்ணுகூட வரிசை தப்பல.”

“நல்லது. திருப்பினது எத்தன தடவ?”

“எரநூத்துப் பன்னெண்டு.”

“வேதமுத்து அண்ணன் பாட்டு வந்துட்டா?”

வேதமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்ணார்பேட்டையில் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். இருபத்தெட்டு வருடம் எங்கள் குழுவில் பாஸ் பாடியவர். அவர் வாய் திறந்தால் பெஞ்சுப் பலகை அதிரும். போன வருடம் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், குரல் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே மெட்டு. தன்னால் பாட முடியாத அந்தப் பாட்டை ஆண்டு விழாவில் குழு பாட ஒருமுறை கேட்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“வந்துட்டு டீச்சர். அவருகிட்டதான் புரோகிராம் வெற்றி. மூணாவது தடவயிலயே சரியா எழுதிட்டாரு.”

“மொதத் தடவ பாட்டு எப்படி இருந்துச்சு?”

“மொதத் தடவ வரி ஒண்ணுலயே நின்னுட்டு. தலைப்பே இல்ல. பாஸ்ல ஆரம்பிச்சுருந்தாரு.”

“அது சரி. பாட்டு எப்படி இருந்துச்சு?”

கோயில்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார்.

“பாக்கல டீச்சர். புரோகிராம் பாத்துச்சு.”

“ரெண்டாவது தடவ?”

“அதுவும் பாக்கல. நாலு குரலும் சேந்து ஆரம்பிக்கலன்னு திருப்பிட்டு. மூணாவதுக்கு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தாரு. ‘இப்போ சரியா இருக்கா சார்’னு. சரியா இருக்குன்னு பதில் போட்டேன்.”

சுகிர்தா அந்தப் பாட்டை அச்சடித்து மேசைமேல் வைத்தார். தாள் அழகாக இருந்தது. மேலே தலைப்பு, வலப்பக்கம் பெயர், இடப்பக்கம் கீ. நான்கு குரலும் முதல் பாரிலேயே சேர்ந்து புறப்பட்டு, கடைசிப் பாரில் சேர்ந்து நின்றன.

“தலைப்ப வாசிங்க அண்ணாச்சி.”

“‘காலடியில் இருக்கிறேன்.’”

“நம்ம பாட்டுக்கெல்லாம் எப்படித் தலைப்பு வைப்போம்?”

“மொத வரிதான் தலைப்பு.”

“இதுல அந்த வரி எங்க இருக்கு?”

கோயில்பிள்ளை விரல் வைத்துத் தேடினார். பாட்டு ‘கைவிடாதவர் நீரே’ என்று தொடங்கியது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கமும் முடிந்தது. காலடியில் இருக்கிறேன் என்ற வரி எங்குமே இல்லை.

“தலைப்பு இருக்கான்னு மட்டுந்தான் பாக்கச் சொல்லிருந்தேன்” என்றார் மெதுவாக.

கோயில்பிள்ளை தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“அவரு கத்துக்கிட்டாருன்னு நெனச்சேன் டீச்சர்.”

“கத்துக்கிட்டாருதான்” என்றார் சுகிர்தா. “வெட்டக் கத்துக்கிட்டாரு.”

கோயில்பிள்ளை எழுந்தார். குடையை எடுக்க மறந்து, அந்த மே மாத வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வேதமுத்து கடையில் ஒரு மிஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். பேசுவதற்கு அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது.

“வேதமுத்து, பாட்டோட ஆரம்பத்துல என்ன இருந்துச்சு?”

அவர் எழுதிக் காட்டினார். ‘நாலு பார். பாஸ் மட்டும் தனியா. மத்தவங்க அஞ்சாவது பார்ல வருவாங்க.’

“ஏன் எடுத்தீங்க?”

‘சேந்து ஆரம்பிக்கணும்னு வந்துச்சு. எனக்குத் தெரியாம எழுதிட்டேன். தப்புதானே சார்?’

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைக் கோயில்பிள்ளையின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், தப்புதான் என்று அவரும் சொல்லியிருக்கிறார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

“தப்பு உங்க மேல இல்ல, வேதமுத்து. என் மேல. அந்த நாலு பார் இப்ப எங்க இருக்கு?”

வேதமுத்து ஃபோனைக் காட்டித் தலையை ஆட்டினார். அதே இடத்தில் அழித்து அழித்துத்தான் எழுதியிருந்தார். எங்குமே இல்லை. பிறகு தன் நெஞ்சைத் தொட்டார், வலது கையை உயர்த்தினார்.

பாடகர் குழுவில் சின்ன வயதிலேயே கைச் சைகை சொல்லிக் கொடுப்பார்கள். மூடிய கை டோ. கவிழ்த்த உள்ளங்கை மீ. நெஞ்சைப் பார்த்துப் பக்கவாட்டில் நிறுத்திய கை சோ. சுரம் ஏறினால் கை ஏறும், இறங்கினால் இறங்கும். கோயில்பிள்ளை சிறுவர் குழுவில் அதைக் கற்று ஐம்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் மறக்கவில்லை.

வேதமுத்து கையால் பாடினார். கோயில்பிள்ளை அதைப் பார்த்து, சின்னக் குரலில் பாடி, எழுதினார். அவர் டெனர்காரர். பாஸின் ஆழமான சுரங்கள் அவருக்கு எட்டவில்லை. காற்றுதான் வந்தது. இருந்தும் வேதமுத்துவின் உதடுகள் கூடவே அசைந்தன. அந்த மெட்டை ஒரு மனிதக் குரல் பாடி அவர் கேட்பது அதுவே முதல் தடவை.

நாலே நாலு பார்தான். அடியில் கிடக்கும் ஒருவன் மெல்ல நிமிர்ந்து பார்ப்பதுபோல் அது ஏறியது. அதைக் கேட்ட பிறகுதான் மற்ற மூன்று குரல்களும் ஏன் வந்து சேர்கின்றன என்பது கோயில்பிள்ளைக்குப் புரிந்தது. இதை வெட்டிவிட்டா அச்சுக்கு அனுப்பப் பார்த்தேன் என்று அவர் பிறகு என்னிடமே சொல்லி வருத்தப்பட்டார்.

அவசரத்தில் பாஸைத்தான் முதலில் எழுதினார். எழுதி முடித்த பிறகு கீ என்ன என்று கேட்டு அதற்குக் கீழே எழுதினார். பிறகு வார்த்தை. கடைசியில் மூலையில் தலைப்பு.

திரும்பி வந்து அதை அப்படியே தட்டி, ஏற்கெனவே இருந்த நாலு குரலையும் அடியில் சேர்த்து, தன் காவலுக்குக் கொடுத்தார். திரையில் பதில் வந்தது.

‘வரி 1: தலைப்பு இல்லை. ஏற்க இயலாது.’

நான் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பேன். சுகிர்தா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை தான் எழுதிய அந்த வாக்கியத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தானே காவலை எடுத்துவிட்டு, பழைய சுரக்கோவையிடம் கொடுத்தார்.

அது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஆனால் அதுவும் நின்றது.

‘பாஸ், மூன்றாவது பார்: மூன்று எண்ணிக்கைதான் இருக்கிறது. நான்காவது என்ன?’

“நீட்டிரவா டீச்சர்? கடைசிச் சுரத்த இன்னொரு எண்ணிக்கை இழுத்தா சரியாயிரும்.”

“அப்படித்தான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஊகந்தான். ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கும்.”

“அவருகிட்டக் கேளுங்க.”

“இப்பதான் வண்ணார்பேட்டைல இருந்து வாறேன்.”

“பஸ் இருக்கு அண்ணாச்சி.”

“தலைப்பு எங்க கெடந்தாலும் எடுத்துக்கிடுத புரோகிராமு, ஒரே ஒரு எண்ணிக்கைக்கு இப்படி அடம்பிடிக்குதே.”

“தலைப்ப எங்க வைக்கணும்னு அதுக்குத் தெரியும். விட்டுப்போன எண்ணிக்கை என்னன்னு அதுக்குத் தெரியாதே.”

கோயில்பிள்ளை மறுபடியும் போனார். இந்தத் தடவை குடையோடு.

வேதமுத்து அந்த மூன்றாவது பாரை மறுபடி காட்டினார். மூன்று சுரம். அதற்குப் பிறகு வலது கை மடியில் இறங்கியது. மதியம் கை ஓய்ந்துபோய்க் கீழே இறக்கினார் என்று கோயில்பிள்ளை நினைத்திருந்தார். இப்போது வேதமுத்து கண்ணாலேயே தன் இடது கையைக் காட்டினார். மிஷின் மேசைமேல் அதன் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. வலது கை மடியில் இருந்தபோதும் அது ஒரு எண்ணிக்கை தட்டியது. முதல் தடவையும் தட்டியிருக்கும். பார்க்காமல் விட்டது கோயில்பிள்ளைதான்.

நோட்டில் எழுதினார்: ‘அங்க சும்மா இருக்கணும் சார். பாஸ்காரங்க மூச்சு எடுக்கணும்ல.’

தொண்டையில் ஓட்டையோடு மூச்சு விடும் மனிதர், அடுத்தவர்கள் மூச்சு விடுவதற்கு இடம் விட்டு மெட்டுப் போட்டிருக்கிறார். கோயில்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் முழுக்க அவர் ஃபோனை வைக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு தடவை திருப்பியதில், வரிசைக்காக எதையாவது வெட்டினீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பதினோரு பேர் ஆமாம் என்றார்கள். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, வெட்டியதைத் திரும்ப அனுப்பச் சொன்னார். எங்கள் ஆல்ட்டோ வரிசையில் இரண்டு பேர் அதைக் கேட்டு அழுதுவிட்டார்கள். சார்பதிவாளர் ஒருவர் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மாலையில் வேதமுத்துவின் பாட்டு சுரக்கோவையிலிருந்து அச்சாகி வந்தது. கோயில்பிள்ளை தாளைக் கையில் எடுத்தார். முதல் நான்கு பாரில் மற்ற மூன்று குரல்களும் ஓய்ந்திருக்க, பாஸ் மட்டும் தனியாக ஏறியது. மூன்றாவது பாரின் கடைசியில் ஒரு சின்ன ஓய்வுக் குறி. மேலே தலைப்பு, வலப்பக்கம் பெயர், இடப்பக்கம் கீ. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று மேலிருந்து கீழாக வரிசை இம்மியும் பிசகவில்லை.

அவர் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார்.

“டீச்சர், நான் தட்டிக் கொடுத்தது தலைகீழா இருந்துச்சு.”

“ஆமா.”

“வந்துருக்கது என் வரிசைதான். தலைப்பு, பேரு, கீ, நாலு குரல்.”

“அதேதான்.”

“அப்ப நீங்களும் வரிசை வேணும்னுதான் சொல்லுதீங்க.”

“வேணும் அண்ணாச்சி. வரிசை இல்லாம குழு எப்படிப் பாடும்?”

“நானும் அதத்தான சொன்னேன். பொறவு நமக்குள்ள என்ன வித்தியாசம்?”

சுகிர்தா தாளை அவர் கையிலிருந்து வாங்கி, அச்சகத்துக்குப் போகும் தாள்கட்டோடு சேர்த்தார்.

“நீங்க வேதமுத்து அண்ணன அடுக்கச் சொன்னீங்க. நான் புரோகிராம அடுக்கச் சொன்னேன்.”